எறங்கறதும் ஒரு நடையா?

புதன்கிழமை காலை, அண்ணன் வீட்டுக் கக்கூசில் பாதி குந்திய நிலையில் மாட்டிக்கொண்டேன். முழுசாக உட்காரவும் முடியவில்லை, எழுந்து நிற்கவும் முடியவில்லை. ஒரு கை தகரக் கதவைப் பிடித்திருந்தது, இன்னொரு கை தண்ணீர்க் குழாயை. தொடை இரண்டும் தன் பாட்டுக்கு நடுங்கின. வெட்கம் பார்த்தால் ஆகாது என்று, "அண்ணி, கொஞ்சம் வாங்களேன்" என்று குரல் கொடுத்தேன்.

அண்ணி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். நிறுத்திவிட்டு மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

"காட்டக் காவல் காக்கப் போறவங்களுக்கு கக்கூசுல குந்த முடியலயா? நல்லாக்கீது நாத்தனாரே!"

சிரிக்க வேண்டிய பேச்சுத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் மூன்றே நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு நடைத் தேர்வு. காட்டுக் காவல் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியவர்களை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பெண்களுக்கு நான்கு மணி நேரத்துக்குள் பதினாறு கிலோமீட்டர். முடித்தால் அடுத்த படி, முடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மற்றப் பெண்களுக்கு அடுத்த முறை என்று ஒன்று உண்டு. எனக்கு இல்லை. அடுத்த முறை வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்று, கல்யாணமாகி, கண்ணமங்கலத்தில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறியவள் நான். ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டே பொது அறிவு மனப்பாடம் செய்தவள். மூளை தேறிவிட்டது. இப்போது கால்தான் பாக்கி.

ஒரு காலத்தில் நானும் நடந்தவள்தான். ஏரிக்கரையில் விடிகாலை தினமும் போய் வருவேன். சின்னவள் பிறந்த பிறகு அது நின்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. தேறியவர் பட்டியலில் என் எண் இருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அடுத்த ஞாயிறு தேர்வு. வீட்டுக்காரர் உடனே யோசனை சொன்னார்.

"இங்க ரோட்டுல லாரிக்கு நடுவுல நடந்து இன்னா ஆவப்போவுது? உங்க அண்ணன் வூட்டுக்குப் போய்டு. புள்ளைங்கள நான் பாத்துக்கறேன். மலையில நடந்து பழகினா தரை தன்னால பழகும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்றைக்கே மூன்று பஸ் மாறி, ராத்திரிச் சோற்றுக்கு அண்ணன் வீட்டில் இருந்தேன். காவலூரிலிருந்து இறங்குகிற சாலையோரம் இருபது வீடுள்ள ஊர் அது. நான் பிறந்து வளர்ந்ததும் அதே ஊர்தான்.

இங்கேதான் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் தூரத்தை ஏற்றத்தால்தான் சொல்வார்கள். "ரெண்டு ஏத்தம் தள்ளி," "ஒரு ஏத்தம்தான், பக்கம்தான்" என்பார்கள். நடுவில் எத்தனை இறக்கம் வருகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது, அதனால் அது நடை. இறங்குவது சும்மா கிடைக்கிற வழி. இந்த நினைப்பு என் எலும்புக்குள் ஊறியது. ஊறியதுதான் என்னைக் கவிழ்த்தது.

அண்ணன் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். தினமும் காலையில் காலி வண்டியோடு மேலே போய், புளியும் சாமை மூட்டையும் ஏற்றிக்கொண்டு திரும்புவார்.

"மொத நாளே ஏறாத பாப்பா. உனக்கு மூச்சு தாங்காது. நான் மேல கொண்டுபோய் வுட்டுர்றேன். அங்கேர்ந்து மெதுவா எறங்கி வா. கால் பழகட்டும்," என்றார்.

"ஆமாண்ணா, அதான் சரி," என்றேன் நான்.

இரண்டு பேரும் இந்த மலையில் பிறந்தவர்கள். இரண்டு பேருக்கும் சந்தேகமே வரவில்லை.

திங்கட்கிழமை காலை பன்னிரண்டு கிலோமீட்டர் மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டார். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். இரண்டாவது வளைவிலேயே கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். அப்பா, அந்தக் காலை எப்படி இருந்தது தெரியுமா! மூச்சே வாங்கவில்லை. கால் தானாக முன்னால் போனது. வளைவுக்கு வளைவு கைப்பேசியில் நேரம் பார்த்தேன். பாதி வழிக்கு மேல் ஓட்டமும் நடையுமாக வந்தேன். வீட்டு வாசலில் நின்று வீட்டுக்காரருக்கு போன் போட்டு, "நாலு மணி நேரம் எதுக்குங்க, எனக்கு மூணே போதும்" என்றேன். அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைச் சொல்லிக் கை தட்டச் சொன்னார். கை தட்டுவது எனக்கும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை எழுந்தபோது தொடை முன்பக்கம் லேசாகப் பிடித்திருந்தது. எதிர் வீட்டு அக்கா பால் வாங்க வந்தவர், நான் விந்தி நடப்பதைப் பார்த்துவிட்டார்.

"வலி வந்த வழியேதான் போவணும். கம்முனு படுத்தீன்னா ஒறஞ்சு பூடும். முள்ள முள்ளாலதான் எடுக்கணும்."

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது எடுப்பாக ஒரு சொலவடை சொன்னால் போதும், அது உண்மையா என்று பார்க்க மாட்டேன். சொன்ன அழகுக்கே மயங்கிவிடுவேன். அன்றைக்கும் மயங்கினேன். அதே வண்டி, அதே பன்னிரண்டு கிலோமீட்டர் இறக்கம், முந்தின நாளைவிட வேகம். கடைசி இரண்டு வளைவில் முட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஊன்றிய கால் படக்கென்று மடங்கியது. சமாளித்து வந்து சேர்ந்தேன்.

அதற்கு மறுநாள்தான் கக்கூசுக் கதை.

புதன்கிழமை முழுதும் வைத்தியம் நடந்தது. அண்ணி நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பொறுக்கிற சூட்டில் ஊற்றினார். அது நன்றாக இருந்தது. ஊற்றுகிறவரைக்கும் வலி தெரியவில்லை. அதோடு விட்டிருக்கலாம். விளக்கெண்ணெயைக் காய்ச்சி, என்னைப் பாயில் குப்புறப் போட்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் கெண்டைக்காலை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். அண்ணிக்குச் சாமை குத்திய கை.

"அண்ணி, வுட்டுருங்க! ஐயோ, வுட்டுருங்க!"

"கத்தாதீங்க. உள்ள கட்டிக்கீது. ஒடச்சாதான் போவும்."

உடைந்ததோ இல்லையோ, சாயந்திரத்துக்குள் கெண்டைச் சதையில் இரண்டு இடம் நீலம் பாய்ந்துவிட்டது. பாயிலிருந்து எழுவதற்குப் புரண்டு, முட்டி போட்டு, சுவரைப் பிடித்து, நான்கு தவணையாக எழுந்தேன்.

அண்ணன் லோடு இறக்கிவிட்டு வரும்போது ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். மூன்று நிறத்தில் மாத்திரை.

"இன்னா மாத்திரண்ணா?"

"மருந்துக் கடையில கால் நோவுன்னு சொன்னேன், குடுத்தாங்க. போட்டா ஓடுவன்னாங்க."

ஓடுவாய் என்ற சொல்தான் காதில் விழுந்தது. மூன்றையும் சேர்த்து வெறும் வயிற்றில் விழுங்கினேன். படுக்கப்போகும் முன் மறுபடி மூன்று. விழுங்குவதற்கு இரண்டு வாய்த் தண்ணீர், அவ்வளவுதான். ஏன் அவ்வளவுதான் என்றால், தண்ணீர் குடித்தால் கக்கூசுக்குப் போகவேண்டும். போனால் குந்தவேண்டும். ஒவ்வொரு தடவையும் அண்ணியைக் கூப்பிடவேண்டும். அந்தக் கிண்டலைக் கேட்பதைவிட நாக்கு வறண்டாலும் பரவாயில்லை என்று அன்று காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை கதவைப் பிடித்துக்கொண்டு எப்படியோ தனியாகச் சமாளித்தேன். எழுந்து திரும்பிப் பார்த்தேன். சிறுநீர் நிறம் மாறியிருந்தது. கருத்த மஞ்சள். அந்தச் சின்ன ஜன்னல் வெளிச்சத்தில் எனக்கு அது டீ டிகாக்‌ஷன் மாதிரி தெரிந்தது.

பயந்துபோனேன். ஏனென்றால் முந்தின நாள் படுத்துக்கிடந்த நேரத்தில் கைப்பேசியில் கால் வலி என்று தேடி வீடியோக்களாகப் பார்த்திருந்தேன். ஒன்றில் ஒருவர் சொன்னார்: பழக்கம் விட்டுப்போன உடம்பு ஒரேயடியாகப் பாடுபட்டால் சதை சிதையும், சிதைந்தது சிறுநீரகத்தில் போய் அடைக்கும், சிறுநீர் காப்பி நிறத்துக்கு வரும். அப்போது அலட்சியமாகக் கேட்டுவிட்டுத் தள்ளிவிட்டேன்.

சொன்னால் அண்ணன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். படுக்கையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால், ஒருவேளை அந்த வீடியோ நிஜமாக இருந்தால்? கண்ணமங்கலத்தில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் உயிர் என்று எடை போட்டால் எது கனம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் நான் சொல்லவில்லை. காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுவரை வாயைத் திறக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

அண்ணிதான் கண்டுபிடித்தார். காலையில் வைத்த சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

"இன்னா, தண்ணி மேல கோவமா?"

"தாகமில்ல அண்ணி."

"நேத்தும் தாகமில்ல. ஒதடு வெடிச்சிக்கீது, தாகமில்லயாம்." சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் குந்தினார். எவ்வளவு சுலபமாகக் குந்தினார்! "மெய்யாலுமே சொல்லுங்க, இன்னா நடக்குது?"

சொல்லிவிட்டேன். நிறத்தையும் சொன்னேன், மாத்திரையையும் சொன்னேன், தண்ணீர் குடிக்காததற்குக் காரணத்தையும் சொன்னேன். கிண்டல் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். வரவில்லை. அண்ணி எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"நான் வாய்க்கு வந்தத பேசறவ. அதுக்கோசரம் தண்ணி குடிக்காம கெடப்பீங்களா? எழுந்திருங்க. நர்ஸம்மாகிட்ட போலாம்."

"அண்ணனுக்குச் சொல்லாதீங்க அண்ணி."

"அவருக்குத்தான் மொதல்ல போன் போடப்போறேன். வண்டி யாரு ஓட்டுவா, நீங்களா?"

துணைச் சுகாதார நிலையம் அடுத்த ஊரில், ஒரு ஏற்றம் தள்ளி. அண்ணன் பாதி லோடோடு திரும்பி வந்தார். கியர் மாற்றுகிற சத்தத்திலேயே அவர் மனசு தெரிந்தது.

அந்தக் கிராமத்து நர்ஸ் அம்மா நாற்பது தாண்டியவர். பிரசவம், தடுப்பூசி என்று இந்த மலையில் அவர் ஏறாத வீடு கிடையாது. என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தார். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, ஒரே இடத்தில் குத்துகிறதா, இல்லை சதை முழுக்க நோகிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். பிறகு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்தார். அண்ணி கூடவே வந்து பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் அம்மா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கர்ப்பிணிகளுக்குச் சோதிக்கிற காகிதக் குச்சி ஒன்றை நனைத்தார். நான் குச்சியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"ரத்தம் காட்டல," என்றார். "சத செதஞ்சிருந்தா காட்டும். நெறம் கெட்டியாக்கீது, ஆனா பழுப்பு இல்ல. இருங்க, டாக்டர கேட்டுக்கலாம்."

டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அந்தப் பக்கம் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. இவர், "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று தலையாட்டினார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாத்திரைய இனிமே தொடக்கூடாது. வெறும் வயிறு, தண்ணி இல்ல, மூணு மாத்திர ஒண்ணா. கிட்னிய நீயே அடிக்கற வேல அது. இப்ப இங்கயே குந்தி இந்தத் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடி. ரெண்டு மணிக்குள்ள நெறம் தெளியலன்னா ஆம்புலன்சு கூப்புட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. பேரம் பேசக்கூடாது."

உட்கார்ந்தேன். சுவரில் தடுப்பூசி அட்டவணை. அதைப் படிப்பதும், குடிப்பதும், கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். அண்ணன் வாசலில் நின்றுகொண்டே, "எறங்கத்தான எறங்குனா? ஏறக்கூட இல்லயே மேடம். எறங்கறதும் ஒரு நடையா?" என்று கேட்டார். நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்.

நர்ஸ் அம்மா சிரித்துவிட்டார். "ஏண்ணா, நீங்க வண்டி ஓட்டறவரு. லோடு ஏத்திகினு கியர்ல போடாம, முழு மலையும் பிரேக்குலயே எறக்குனா இன்னா ஆவும்?"

"பிரேக்கு தீயும். நாத்தம் வரும்."

"அதேதான். எறங்கறப்ப ஒடம்பு வுழுந்துடாம தொடதான் ஒவ்வொரு அடிக்கும் புடிச்சி நிறுத்துது. நீட்டிகினே இழுத்துப் புடிக்குது. மூச்சு வாங்காது, அதனால ஒண்ணும் தெரியாது. ரெண்டாம் நாளு, மூணாம் நாளுதான் காட்டும். மூணு வருஷமா மிஷின்ல குந்தியிருந்த தொட வேற."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். "நான்தான் கொண்டுபோய் வுட்டேன்," என்றார் மெதுவாக.

"நானுந்தான சரின்னேன்," என்றேன்.

ஒன்றே முக்காலுக்கு இரண்டாவது டப்பா. எலுமிச்சம்பழத் தோல் நிறம். நர்ஸ் அம்மா மறுபடி குச்சியை நனைத்தார், மறுபடி டாக்டரிடம் பேசினார். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று ஆயிற்று. நிறம் திரும்பக் கருத்தாலோ, கால் வீங்கினாலோ, வாந்தி வந்தாலோ, எந்த நேரமானாலும் போன் செய்யவேண்டும். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. உடனே வாயும் வந்துவிட்டது.

"ஞாத்திக்கெழம நடக்கலாமாக்கா?"

"இப்ப எப்பிடிச் சொல்வேன்? சனிக்கெழம சாயந்திரம் வா. இந்த நாலு படியில எதையும் புடிக்காம எறங்கிக் காட்டு. பாத்துட்டுச் சொல்றேன். அது வரைக்கும் அமுக்கறது, தேய்க்கறது, ஓடறது எதுவும் கெடையாது. ஒரேயடியா படுத்தும் கெடக்காத. சமதரையில ஆட்டுக்குட்டி மேயற மாதிரி மெதுவா சுத்து. வெதுவெதுன்னு தண்ணி ஊத்திக்க. முட்ட, பருப்பு தின்னு. தூங்கு."

அமுக்கறது என்றபோது அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் ஊரில் சமதரை என்றால் பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான். வியாழன் சாயந்திரம் அங்கே பத்து நிமிஷம் சுற்றினேன். முதல் சுற்று, காலுக்குப் பதிலாக இரண்டு மரக்காலை யாரோ மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது சுற்றில் கொஞ்சம் இளகியது. உட்கார்ந்து எழுந்தால் மறுபடி விறைத்தது. வெள்ளிக்கிழமை காலை பதினைந்து நிமிஷம், சாயந்திரம் இருபது. எதிர் வீட்டு அக்கா மைதானத்து வேலி ஓரமாக வந்து, "இப்டி ஊர்ந்தா எப்பத்தான் போய் சேருவ? நல்லா ஓடி வேர்த்தா வுட்டுப் பூடும்" என்றார்.

அண்ணி பதில் சொன்னார். "உன் முள்ளு வைத்தியத்தத்தான் பாத்துட்டமே. போய் அடுப்புல பாலப் பாரு, பொங்கிடப்போவுது."

தண்ணீர் குடிக்கவேண்டும் என்பதால் மணிக்கொரு தடவை கக்கூசு. மணிக்கொரு தடவை அண்ணி. என் இரண்டு கையையும் பிடித்து, எதிரில் நின்று, கண்ணை மேலே கூரையில் வைத்துக்கொண்டு இறக்கிவிடுவார். பிறகு வெளியே போய் நின்று, கூப்பிட்டதும் வந்து தூக்குவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் தொடை வலித்து நான் அழுதேன்.

"தேய்ச்சது தப்பாப் பூடுச்சு," என்றார் அண்ணி, கூரையைப் பார்த்தபடியே. "எங்கம்மா வூட்ல அப்டித்தான் தேய்ப்பாங்க. எனக்கும் அப்டித்தான் நோவும். நோவறதுதான் வைத்தியம்னு நெனச்சிகினு இருந்தேன்."

சனிக்கிழமை காலை கதவை மட்டும் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து எழுந்தேன். சாயந்திரம் நர்ஸ் அம்மாவின் எதிரில் அந்த நான்கு படியில் நின்றேன். ஏறுவதற்கு எந்தச் சிரமமும் இல்லை. மேலே நின்று கீழே பார்த்தபோதுதான் கை தானாகக் கைப்பிடிச் சுவரைத் தேடியது. எடுத்துவிட்டேன். முதல் படியில் தொடை கடித்தது. இரண்டாவதில் கால் மடங்கப் பார்த்தது, மடங்கவில்லை. மூன்று. நான்கு. கீழே வந்து நின்றபோது முகத்தில் வலி தெரியாமல் இருக்கப் பாடுபட்டேன்.

"மூஞ்சிய சிரிச்ச மாதிரி வெச்சிக்காத. நோவுதா இல்லயா?"

"நோவுதுக்கா. ஆனா தாங்குது."

விரலால் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தார். நீலம் பாய்ந்த இடத்தில் அழுத்தியபோது அண்ணி என்னைவிட முகம் சுளித்தார்.

"போ," என்றார் நர்ஸ் அம்மா. "ஆனா எனக்கு ஒரு வாக்கு குடு. சத முழுக்க நோவுனா நட. ஒரே எடத்துல கத்தி எறங்கின மாதிரி குத்துனாலோ, மயக்கம் வந்தாலோ, அப்பிடியே ரோட்டோரமா நின்னுடணும். வேலக்கோசரம் பல்ல கடிக்கக்கூடாது."

கொடுத்தேன். நிறைவேற்றுவேனா என்று எனக்கே தெரியாமல்தான் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரத்தில் அடிவாரத்துச் சாலையில் நின்றோம். வண்டியிலிருந்து அண்ணன் என்னைத் தூக்கி இறக்கியதை இரண்டு பெண்கள் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் இருபது, இருபத்திரண்டு வயது. புது ஷூ, இறுக்கிக் கட்டிய சடை. முதுகில் எண் அட்டையை ஊக்கால் குத்தினார்கள். விசில் ஊதியதும் கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. நான் நகரத் தொடங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். முதல் கிலோமீட்டர் முடிவதற்குள் கடைசியில் இருந்தேன்.

கடைசியில் இருப்பதில் ஒரு பயங்கரம் உண்டு. கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்வதற்கு. நான் கடைசி என்பதால் அது சரியாக என் முதுகுக்குப் பின்னால் வந்தது. அதன் இன்ஜின் சத்தம் விடாமல் என் காதில்.

நான்காவது கிலோமீட்டர் வாக்கில் கால் சூடேறி இளகியது. மணிக்கு நாலு கிலோமீட்டர் போனால் சரியாக முடியும். அதற்கு மேல் கொஞ்சம் போனால்தான் மூச்சு விட நேரம். முட்டியைத் தூக்காமல், அடியைச் சின்னதாக வைத்து, விடாமல் போனேன். குடிக்கத் தண்ணீர் வைத்த இடத்திலெல்லாம் நின்று குடித்தேன். நின்ற ஒவ்வொரு இடத்திலும் கைப்பேசியில் ஒரு நிமிஷம் கழிந்தது. ஆனாலும் குடித்தேன்.

பதினொன்றாவதில் இடது தொடையில் வந்தது. ஒரு இழுப்பு, வெட்டின மாதிரி. நின்றுவிட்டேன். வேனும் நின்றது. முன் சீட்டில் இருந்தவர் தலையை நீட்டினார்.

"முடியலன்னா ஏறிக்கம்மா. பரவால்ல. காலைலேர்ந்து பாக்கறேன், நீ நொண்டிகினுதான் வர்ற."

உள்ளே ஏற்கெனவே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஷூவைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அவளுக்கு அடுத்து ஒரு காலி இடம்.

வாக்கு நினைவுக்கு வந்தது. குனிய முடியாததால் நின்றபடியே உள்ளங்கையைத் தொடையில் வைத்தேன். கத்தியா, முழுசா? அழுத்தினேன். மேலே அழுத்தினேன், கீழே அழுத்தினேன். எனக்கு வேலை வேண்டும் என்பதற்காக என் கை பொய் சொல்லிவிடுமோ என்ற பயத்தில் இன்னொரு தடவை அழுத்தினேன். சதை பந்து மாதிரி சுருண்டிருந்தது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். மெல்ல மெல்ல அது கரைந்தது. ஒரு புள்ளியில் நிற்காமல் தொடை முழுக்கப் பரவியது.

"முழுசாத்தான் நோவுது," என்றேன்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல சார். நீங்க வண்டிய எடுங்க."

"நீ நடந்தாத்தான் நான் எடுக்க முடியும்," என்றார் அவர்.

நடந்தேன். நின்றதில் ஐந்து நிமிஷம் போயிருந்தது. அதற்குப் பிறகு வழியில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளைக் கோடு, அதன் மேல் என் ஷூ, அவ்வளவுதான். பதினான்கில் ஒருத்தியைத் தாண்டினேன். அவள் சாலையோரம் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தாள். "அழுத்தாதம்மா, எழுந்து மெதுவா நட" என்று சொல்லிக்கொண்டே போனேன். நின்று சொல்ல நேரம் இல்லை. வேன் என்னை விட்டு அவளிடம் நின்றது. முதுகுக்குப் பின்னால் இப்போது சத்தம் இல்லை.

கடைசியில் கயிறு கட்டிய இடம் தெரிந்தது. அண்ணியின் குரல்தான் முதலில் வந்தது. பெயர் சொல்லாமல், "வாங்க, வாங்க, வாங்க" என்று மட்டும், மாட்டை ஓட்டுகிற மாதிரி. அண்ணன் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு கடிகாரம் பார்த்து நேரம் குறிப்பவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிற்றைத் தாண்டினேன். கடிகாரக்காரர் என் முதுகு எண்ணைப் பார்த்துக் குறித்தார்.

"ஏழு நிமிஷம் மிச்சம்," என்றார். "அந்தப் பெஞ்சுல குந்தி கையெழுத்து போடும்மா."

பெஞ்சு முட்டி உயரம்கூட இல்லை. அதற்கு முன்னால் ஒரு குட்டை மேஜை, அதில் பதிவேடு. முன்னால் வந்த பெண்களெல்லாம் குந்திக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"சார், குந்துனா என்னால எழுந்திருக்க முடியாது. நின்னுகினே போடறேனே."

அவர் பதிவேட்டை எடுத்து, தன் இரண்டு கையிலும் தட்டு மாதிரி ஏந்தி, என் நெஞ்சு உயரத்துக்குப் பிடித்தார். பேனாவை அண்ணி பிடுங்கி என் விரலுக்குள் வைத்தார். என் எண்ணுக்கு நேராக, கட்டத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போனாலும், முழுப் பேரையும் எழுதினேன்.